கம்பெனி பஸ்ஸில் முதல் வணக்கம்

முதல் நாளே நல்ல பேர் வாங்கணும்னா கலகலப்பாப் பேசணும் என்று அறிவுரை சொல்பவர்களைக் கண்டாலே எனக்கு இப்போதெல்லாம் எரிச்சல் வரும். கூச்சம் பிடித்த நான், மறைமலைநகர் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்த அன்று, அதை நம்பிக் கண்ணாடி முன்னால் ஒரு வணக்கத்தைப் பத்துத் தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். செங்கல்பட்டில் கம்பெனி பஸ் ஏறியதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு சத்தமாகச் சொன்னேன்: "எல்லாருக்கும் வணக்கம், நான் புதுசா சேர்ந்திருக்கேன்!"

கண்ணைத் திறந்தால், பஸ் முழுக்கத் தூக்கம். காலை ஷிப்ட்டுக்குப் போகிறவர்கள் பஸ்ஸில் பேச மாட்டார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஜன்னலோரம் இருந்த ஒருவர் மட்டும் அரைக்கண் திறந்தார். "இன்னாத்துக்கு மச்சான் கத்திகினு கீற? வந்து குந்து, தூங்கு."

வெட்கம் தாங்காமல் அவர் பக்கத்தில் உட்கார்ந்து தூங்குவதுபோல் நடித்தேன். நடிப்பு நிஜமாகிவிட்டது. கம்பெனி வாசலில் விழித்தபோது என் தலை அவர் தோளில் கிடந்தது. சட்டையெல்லாம் என் எச்சில். மன்னிப்புக்கூடக் கேட்காமல் இறங்கி ஓடினேன்.

மறுநாள் தலையைக் குனிந்தபடி பின்சீட்டுக்குப் போகப் பார்த்தேன். அவர் பக்கத்து சீட்டில் டிபன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருந்தார். அந்தப் பக்கத்துத் தோளில் ஒரு துண்டை நான்காக மடித்துப் போட்டிருந்தார்.