அறுபத்தொரு சதவீதத்தில் நின்ற கணினி

ஏற்காட்டில் எங்கள் வீட்டில் உள்ள கணினி, பாகங்கள் வாங்கி நானே பூட்டியது. புதிய இயங்குதளத்துக்கு இது தகுதியற்றது என்று திரையில் எச்சரிக்கை வந்தது. அதை மீறும் வழியை இணையத்தில் படித்து, துணிந்து புதுப்பிக்கத் தொடங்கிவிட்டேன். தோட்டத்துப் பறவைகளின் குரல்களை இருநூற்றுப் பதினான்கு பதிவுகளாக அதில் வைத்திருந்தேன். நகல் எடுக்கவில்லை.

அறுபத்தொரு சதவீதத்தில் எண் நின்றது. ஜன்னல் வழியே மூடுபனி நுழைந்து அறையை நிறைத்தது. அந்த வெண்மைக்குள் என் பறவைகள் ஒவ்வொன்றாக வாய் மூடுவது போலிருந்தது. பொறுக்காமல் சுவிட்சை அணைக்கக் கை நீட்டினேன்.

"ஏனுங்க, நீங்க முறைச்சா அது ஓடிருமா? காபி ஆறுது, வாங்க!" என்று மனைவி வெளியிலிருந்து அழைத்தாள்.

"என் குருவியெல்லாம் போச்சு!" என்றேன்.

"மரத்துல இருக்கறது பத்தாதுங்களா?"

கோபத்தோடுதான் போனேன். பனிக்குள் இருவரும் உட்கார்ந்திருந்தோம். எங்கோ ஒரு பறவை நீளமாகச் சீட்டியடித்தது. எவ்வளவு நேரம் ஆனதென்று நான் எண்ணவில்லை. திரும்பி வந்தபோது புதுப்பிப்பு முடிந்திருந்தது. பதிவுகள் ஒன்றுகூடக் குறையவில்லை. நடுவில் அணைத்திருந்தால் எல்லாமே போயிருக்கலாம் என்று பிறகுதான் படித்தேன்.

இப்போது தனி ஹார்ட் டிஸ்கில் நகல் எடுத்து, அதைக் கழற்றி வைத்த பிறகே புதுப்பிக்கிறேன். புதுப்பிப்பு ஓடும்போது அந்த அறையில் இருப்பதில்லை. என் கையை நான் நம்புவதில்லை.