நாலாவது மனை

காட்டாங்குளத்தூரில் மாடு வளர்ப்போருக்கு நான் நடத்திய பயிற்சிக்கு மாட்டுக்காரர் ஒருவர் வந்திருந்தார். வெயிலில் காய்ந்த ஒல்லி உடம்பு. தரையில் பிளாஸ்டிக் கவர் கிடந்தால் குனிந்து எடுத்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொள்வார், மாடு தின்றுவிடுமாம். பயிற்சிக் கூடத்தில் ஏது மாடு?

“மேய்ச்சல் நிலத்த நாலாப் பிரிச்சு மாத்தி மாத்தி மேய விடுங்க. மத்ததுல புல்லு வளரட்டும்” என்றேன்.

அவர் எழுந்தார். “அப்டிதான் சார் பண்ணிகினு இருந்தேன். ராஜகீழ்ப்பாக்கத்துல நாலு காலி மனை. மூணுல வூடு கட்டிட்டாங்க. ஸ்கூல் பின்னாடி கீற மனைக்கும் போன மாசம் செவுரு எழுப்பிட்டாங்க. இப்ப இன்னா பண்றது, சொல்லு சார்.”

“கேள்விங்கள கடைசியில பாக்கலாம்” என்றேன். என் காலடியில் கிடந்த கவரை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

அந்த நாலாவது மனை என்னுடையது. சுவருக்குள் இப்போது புல் இடுப்பளவு வளர்ந்து நிற்கிறது.