அலாரம் அக்கா செய்த தவறான அழைப்பு

விமானிகள் அவளுக்கு வைத்த பெயர் அலாரம் அக்கா. அவள் போன் செய்தால் யாரோ ஒருவர் படுக்கையை விட்டு எழுந்தே ஆக வேண்டும் என்பதால் ஒட்டிக்கொண்ட பெயர் அது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள். பிறகு போனிலேயே, "சொல்லுங்க அலாரம் அக்கா" என்று ஆரம்பித்துவிட்டார்கள். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை.

அவள் வேலை பார்த்தது ஒரு சின்ன விமானக் கம்பெனியின் ரோஸ்டர் அறையில். எந்த விமானத்தை எந்த விமானி எப்போது ஓட்டுவது என்று முடிவு செய்யும் அறை. அதற்கு ஜன்னல் கிடையாது. தலைக்கு மேல் விமானம் போகும் சத்தம் கேட்கும், ஒன்றையும் பார்க்க முடியாது. அவளுக்கு எதிரே இரண்டு கம்ப்யூட்டர் திரைகள். அவற்றில் விமானிகள் எல்லோரும் வண்ணப் பட்டைகளாக இருப்பார்கள். பறக்கத் தயாராக இருப்பவர் பச்சை, வீட்டில் காத்திருப்பில் இருப்பவர் மஞ்சள், ஓய்வில் இருப்பவர் சிவப்பு.

சிவப்புப் பட்டை என்றால் அவளுக்குக் கோயில் மாதிரி. ஒரு விமானி இவ்வளவு நேரம்தான் வேலையில் இருக்கலாம், இறங்கிய பிறகு இவ்வளவு நேரம் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும் என்று விதி இருந்தது. அந்த ஓய்வு நேரத்தில் கம்பெனி அவரைக் கூப்பிடவே கூடாது. கூப்பிட்டால் அதுவரை எடுத்த ஓய்வு செல்லாது, மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். பல வருஷமாக இந்த விதியோடு குடும்பம் நடத்தியவள் அவள். ஜலதோஷத்தோடு பறக்க வந்த ஒருவர், "மூக்குதான் அடைச்சிருக்குக்கா, கை நல்லாத்தான் இருக்கு" என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தும், வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தாள்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. பரீட்சைக்குக் கிளம்பும் மகளை வாசலில் நிறுத்தி, "நேத்து எத்தனை மணிக்குப் படுத்த?" என்று விசாரிப்பாள்.

"அம்மா, நான் போய் கணக்குப் பரீட்சைதான் எழுதப்போறேன். பிளேன் ஓட்டப்போகல" என்பாள் மகள்.

அலாரம் அக்காவின் தூக்கமோ கந்தல். கணவன் பேக்கரியில் அடுப்பு பார்ப்பவன். விடிவதற்கு முன்பே கிளம்பிவிடுவான். அவன் எழும் சத்தத்தில் இவளும் எழுந்துவிடுவாள். அவள் ஷிஃப்ட் முடிந்து வரும்போது அவன் தூங்கிக்கொண்டிருப்பான். "நாம கல்யாணம் பண்ணிக்கிட்டது ஒருத்தருக்கொருத்தர் வீட்டுச் சாவி கொடுத்து வாங்கத்தான் போல" என்பான். ஊருக்குத்தான் உபதேசம் என்று குத்திக்காட்டவும் செய்வான்.

அந்த நாளும் மற்ற நாட்களைப் போலத்தான் விடிந்தது. அவளுக்கு அதிகாலை ஷிஃப்ட். மதியம் பொறுப்பேற்க வேண்டிய சக ஊழியன், மனைவிக்குப் பிரசவ வலி எடுத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தான். "நீ அங்கேயே இரு, நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். வேறு என்ன சொல்ல முடியும்? மாற்றுக்கு ஆள் இல்லை. காலையிலிருந்து கொட்டிய மழையில் விமானங்கள் ஒன்றன் பின் ஒன்றாகத் தாமதமாகிக்கொண்டிருந்தன. தாமதமானால் விமானிகளின் நேரம் காத்திருப்பிலேயே கரைந்துவிடும். ஒருவர் நேரம் முடிந்தால் இன்னொருவரைத் தேட வேண்டும்.

மூன்று மணி வாக்கில் மஞ்சள் பட்டையில் இருந்த ஒரு கேப்டனைக் கூப்பிட வேண்டியிருந்தது. எண்ணைத் தட்டினாள். ரொம்ப நேரம் மணி அடித்தது. பிறகு, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல ஒரு குரல், "ம்... யாரு?" என்றது.

அது, உயரத்தால் எல்லோரும் நெட்டைக் கேப்டன் என்று கூப்பிடுபவரின் குரல். இரவெல்லாம் பறந்துவிட்டுக் காலையில் இறங்கியவர். திரையில் அவர் பட்டை செக்கச்செவேல் என்று இருந்தது. அடுத்த வரியில் இருந்த எண்ணுக்குப் பதிலாக இவர் எண்ணைத் தட்டிவிட்டிருந்தாள்.

"ஐயோ, மன்னிச்சுக்குங்க கேப்டன். தப்பா போட்டுட்டேன். தூங்குங்க, தூங்குங்க."

"பரவால்லக்கா" என்றது குரல். போனை வைத்துவிட்டு உள்ளங்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள். இப்படி ஒரு தவறு அவள் செய்ததே இல்லை. அதைப் பற்றி யோசிக்க நேரமில்லாமல் அடுத்த போன் அடித்தது.

சாயங்காலம் மழை விட்டது. பறக்க முடிந்த விமானங்கள் எல்லாம் பறந்துவிட்டன, ஒன்றைத் தவிர. அன்றைக்குக் கடைசியாகக் கிளம்ப வேண்டிய விமானம். அதன் கேப்டனின் நேரம் முடிந்துவிட்டது. ஆபரேஷன்ஸ் மேனேஜர் அவள் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். சத்தம் போடும் மனிதர் இல்லை. பதற்றமானால் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருப்பார்.

"யார் இருக்காங்க?"

"நெட்டைக் கேப்டன் மட்டும்தான் சார். எட்டு மணிக்கு ஓய்வு முடியுது."

"அப்பாடா. எட்டு மணிக்குப் பச்சை ஆனதும் கூப்பிடுங்க. பயணிகள்கிட்ட ஒன்பதரைன்னு சொல்லிடலாம்." அவர் போய்விட்டார்.

திரை சொன்னபடி எட்டு மணிக்குப் பட்டை பச்சையானது. மதியம் அவள் செய்த அழைப்பு அதற்குத் தெரியாது. அவள் போனை எடுத்தாள். இந்த முறை உடனே எடுத்தார்.

"குளிச்சு ரெடியா இருக்கேன்கா. மழையைப் பாத்ததுமே கூப்பிடுவீங்கன்னு தெரியும்."

"கேப்டன், ஒண்ணு கேக்கறேன். நான் கூப்பிட்டதுக்கு அப்புறம் தூங்கினீங்களா?"

அவர் சிரித்தார். "பொய் சொல்லணுமா, நிஜம் சொல்லணுமா?"

"நிஜம்."

"தூக்கம் வரல. போனாலே போச்சு, பகல் தூக்கம் அப்படித்தானே. மாடி வீட்டுல வேற கட்டில இழுத்துட்டிருந்தாங்க. ஆனா ஒண்ணும் பிரச்சினை இல்ல, ஓட்டிருவேன். ஒரு நிமிஷப் போன்தானே. நீங்க அத யார்கிட்டயும் சொல்லவேண்டாம். வீணா உங்க தலைதான் உருளும்."

நல்ல மனசோடு சொன்னார் என்பதுதான் சங்கடம். "பத்து நிமிஷத்துல கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டாள்.

சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அவருக்குத் தெரியும், இவளுக்குத் தெரியும். அவர் அனுபவசாலி. இரண்டு மணி நேரப் பயணம்தான். அநேகமாக ஒன்றும் ஆகாது. இந்த 'அநேகமாக' என்ற இடத்தில் அவள் மனசு சிக்கிக்கொண்டது. தான் எண்ணை மாற்றித் தட்டியது எப்படி என்று அப்போதுதான் யோசித்துப் பார்த்தாள். அந்த எண் அவள் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. பார்த்தாள், ஆனால் பார்க்கவில்லை. அந்த நேரத்தில் தனக்குக் களைப்பு என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. நன்றாக இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். அவரும் இப்போது அப்படித்தான் நினைத்துக்கொண்டிருப்பார்.

எழுந்து மேனேஜரின் அறைக்குப் போனாள்.

"சார், அவரை அனுப்ப முடியாது. மூணு மணிக்கு நான் தப்பா அவரைக் கூப்பிட்டுட்டேன். ஓய்வு உடைஞ்சிருச்சு. அப்புறம் அவர் தூங்கவும் இல்ல."

மேனேஜர் கண்ணாடியைக் கழற்றினார். "எவ்வளவு நேரம் பேசினீங்க?"

"ஒரு நிமிஷம்கூட இருக்காது."

"அந்த ஒரு நிமிஷத்துக்காக நூத்தம்பது பேரை ராத்திரி ஓட்டல்ல தங்க வைக்கச் சொல்றீங்களா?"

"என் தப்புதான் சார். அத நான் ஏத்துக்கறேன். அதுக்காக அவரை ஏத்தி அனுப்ப வேண்டாம்."

மேனேஜர் கண்ணாடியைத் துடைத்து முடித்து மாட்டிக்கொண்டார். "சரி. காலைல முதல் வேலையா அனுப்பலாம். கவுன்டருக்கு நான் பேசறேன். நீங்க வாங்கிக் கட்டிக்க வேண்டாம்."

ஆனாலும் அவள் வாங்கிக் கட்டிக்கொண்டாள். கவுன்டரில் இருந்த பெண் போனில் பொரிந்து தள்ளினாள். ஒரு பயணி தன்னைப் பார்த்துச் செருப்பைக் கழற்றினார் என்று அழாக்குறையாகச் சொன்னாள். அலாரம் அக்கா எல்லாவற்றுக்கும் "மன்னிச்சுக்கம்மா" என்று மட்டும் சொன்னாள். கடைசியாக நெட்டைக் கேப்டனுக்குப் போன் செய்து படுக்கச் சொன்னாள். அவர், "யூனிஃபார்ம் சட்டையைக் கழட்டிட்டேன்கா. இப்பத்தான் கண்ணு எரியறதே தெரியுது" என்றார்.

அடுத்த வாரம் விசாரணை நடந்தது. வந்திருந்த பாதுகாப்பு அதிகாரி நரைத்த தலையோடு இருந்த ஒரு பெண்மணி. அழைப்பைப் பற்றிக் கேட்டதெல்லாம் சீக்கிரம் முடிந்துவிட்டது. பிறகு அவர், "அந்த போன் பண்ணும்போது நீங்க எவ்வளவு நேரமா வேலைல இருந்தீங்க?" என்று கேட்டார்.

"அஞ்சு மணிலேர்ந்து மேடம்."

"நடுவுல சாப்பிட்டீங்களா?"

அவளுக்கு ஞாபகமே வரவில்லை. பிஸ்கட் தின்றதாகச் சொன்னாள்.

"உங்களுக்கு ஓய்வு விதி என்ன?"

"எங்களுக்கு அப்படியெல்லாம் இல்ல மேடம். அது விமானிகளுக்குத்தான்."

அதிகாரி பக்கத்தில் இருந்த மேனேஜரைப் பார்த்தார். அவர் கை கண்ணாடிக்குப் போனது.

அவளுக்கு ஓர் எச்சரிக்கை கொடுத்தார்கள். அதை அவள் நியாயம் என்றே எடுத்துக்கொண்டாள். ரோஸ்டர் அறையில் அடுத்தடுத்து இரண்டு ஷிஃப்ட் பார்க்கக் கூடாது என்று ஓர் உத்தரவும் வந்தது. உத்தரவு சுலபமாக வந்துவிட்டது, ஆள் வருவதற்கு மாதக்கணக்கில் ஆனது. அதுவரை மேனேஜரே சில மதியங்களில் வந்து அவள் நாற்காலியில் உட்கார்ந்தார். முதல் நாளே இரண்டு கேப்டன்களை ஒரே விமானத்துக்குப் போட்டு, பெண் குழந்தைக்கு அப்பாவாகித் திரும்பியிருந்த சக ஊழியனிடம் மாட்டிக்கொண்டார். அவன் அதை அறை அறையாகப் போய்ச் சொன்னான்.

அப்படி ஒரு மதியம் அவள் வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு வந்தாள். கணவன் தூங்கிக்கொண்டிருந்தான். பையை நாற்காலியில் போட்டுவிட்டு, அவனை எழுப்பாமல் பக்கத்தில் படுத்தாள். மகள் பள்ளிக்கூடத்திலிருந்து வந்து பார்த்தபோது அப்பாவும் அம்மாவும் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்கள். இருவரையும் ஒரே நேரத்தில் தூக்கத்தில் அவள் பார்த்ததே இல்லை. கதவைச் சாத்திவிட்டு, தட்டில் இருந்ததைச் சத்தமில்லாமல் சாப்பிட உட்கார்ந்தாள்.