மெட்டு இறங்கினால் காது அடைக்கும்

சென்ற ஆண்டு கேட்டவற்றில் எனக்கு மிகவும் பிடித்த இசைத்தட்டு எது என்று யாராவது கேட்டால், பெயர் சொல்வதற்கு முன்பே வாய் கசக்கிறது. பழைய தட்டு. வெறும் வீணை, குரலே கிடையாது. உறையில் வீணையோடு ஒரு பெண்ணின் படம். மதுரையில் ஒரு பழைய சாமான் கடையில் கிளறி எடுத்து, போடிக்குக் கொண்டுவந்து துடைத்து, முதலில் என் மச்சானுக்குத்தான் போட்டுக் காட்டினேன்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். மலையில் ஒரு ஏலத்தோட்டத்தில் மருந்தடிக்கும் மோட்டார் அவர் பொறுப்பு. மாதத்தில் இரண்டு ஞாயிறு ஜீப்பில் இறங்கி வருவார். சாப்பிட்டதும் இருவரும் தட்டு கேட்க உட்காருவோம். தட்டு சுழலும்போது யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது என் சட்டம். இசையில் அவ்வளவு பெரிய மனிதன் நான். பொங்கலுக்கு வரும்போது, முடிந்த வருடத்தின் சிறந்த தட்டுகளை இருவருமாகத் தேர்ந்தெடுப்போம். ரசிகர் என்று ஊரில் நான் மதித்தது அவர் ஒருவரைத்தான்.

அந்த வருடம் முழுக்க எதைச் சொன்னாலும் "என்னா மாப்ளே?" என்று திரும்பக் கேட்டார். "மெட்டு எறங்குனதுல காது அடச்சுக்கிருச்சு" என்பார். எங்கள் ஊரில் இதை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். போடிமெட்டு மலைப்பாதையின் வளைவுகளில் இறங்கினால் எல்லோருக்கும்தான் காது அடைக்கும். எச்சிலை விழுங்கு, கொட்டாவி விடு என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "நான் எந்த மெட்டப் போட்டாலும் போடிமெட்டுல்ல ஒங்களுக்குக் குறுக்க நிக்கிது" என்று நானும் கிண்டலடித்தேன்.

பொங்கலன்று வீடு நிறையச் சொந்தக்காரர்கள். அவருடைய தேர்வு எது என்று கேட்டேன். தட்டுகளைப் புரட்டி, அந்த வீணைத் தட்டை எடுத்து நீட்டினார். "இதுதான் மாப்ளே. இந்தப் பொம்பள என்னமாப் பாடுது!"

சிரித்தேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். "பாட்டே இல்லாத தட்டுல பொம்பள பாடுதாம்! வருசம் பூரா சும்மா தலையாட்டி என்னைய ஏமாத்தியிருக்கீங்க மச்சான்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி கத்தினேன். அது மட்டும் அவருக்கும் கேட்டுவிட்டது. வேட்டியைச் சரிசெய்தபடி எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

அடுப்படியில் என் மனைவி அழுதாள். மோட்டார் இரைச்சலில் அண்ணனுக்குக் காது போய்விட்டதாம். தோட்டத்துக்குத் தெரிந்தால் சோலி போய்விடும் என்று, யாரிடமும் சொல்லாதபடி அவளிடம் சத்தியம் வாங்கியிருந்தாராம். "ஒண்ணுமே கேக்காம எதுக்கு வந்து ஒக்காரணும்?" என்றேன், அப்போதும் கோபம் அடங்காமல்.

"பாட்டுக் கேக்கவா வந்துச்சு? ஒங்ககூட ஒக்காரத்தான வந்துச்சு" என்றாள். என் ரசனைக்குத் தலையாட்ட ஓர் ஆள் இருந்தால் போதும் என்றிருந்த எனக்கு, அது உறைக்கச் சில நாட்களாயின.

பிறகு அவர் வீட்டுக்கு வரவில்லை. போன மாதம் போடி பஸ் ஸ்டாண்டு அருகே, ஏலக்காய் லோடு இறக்கிவிட்டு நின்ற ஜீப்புக்குப் பக்கத்தில் அவரைப் பார்த்தேன். பின்னாலிருந்து "மச்சான்" என்று கூப்பிட்டேன். இன்னும் பலமாகக் கூப்பிட்டேன். தெருவே திரும்பிப் பார்த்தது. அவர் ஜீப்பில் ஏறிப் போய்விட்டார். காதில் விழவில்லையா, திரும்ப மனமில்லையா என்று எனக்குத் தெரியவில்லை. ஓடிப்போய்த் தோளைத் தொட்டிருந்தால் தெரிந்திருக்கும். எனக்குத் தைரியம் வரவில்லை.