ராஜம் என்று ஒரு ஆப்

போன வாரம் எங்கள் ஆப்பின் வெளியீட்டு விழா. மாத்தளை டவுனில் ஹோல் எடுத்து, குத்துவிளக்கு ஏற்றி... எல்லாம் பிரமாதம். நான் மட்டும் சாப்பிடாமல் வீட்டுக்கு வந்தேன். ஏன் என்கிறீர்களா?

மிளகு காய்ந்ததும் போனில் ஒரு தட்டு — வாங்குகிற லொறி வாசலுக்கே வரும். அதுதான் ஆப். அதை முதன்முதலில் போனில் போட்டுப் பார்க்கச் சம்மதித்தவர், நாலந்தாப் பக்கத் தோட்டத்தில் இருக்கும் ராஜம் அக்கா. மற்றவர்கள் பயந்தார்கள். அக்கா தட்டினார். ஆப் படுத்துவிட்டது. உடனே எங்களுக்குப் போன் போட்டு ஏச்சு.

அன்றிலிருந்து ஆபீசில் அதற்குப் பெயர் ராஜம். காலையில் வந்ததும் கூட்டாளி ரிஸ்வான் கேட்பான்: "ராஜம் எழும்பிட்டாவா?" கோபித்துக்கொண்டு படுத்திருக்கிறாள் என்பேன். சிங்கள நண்பர்களுக்கும் அது ராஜம்தான்.

இதை ரிஸ்வான் ஒருநாள் அக்காவிடமே உளறிவிட்டான். ஏசுவார் என்று பார்த்தால்... போனுக்குள் தன் பேரில் ஒன்று வரப்போகிறதென்று தோட்டத்து லய வீடுகள் முழுக்கச் சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கம் பலருக்கும் பதிவுப் பெயர் ஒன்று, கூப்பிடும் பெயர் ஒன்று. எங்கள் வீட்டிலிருந்து முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். டீச்சர் என் பதிவுப் பெயரை வாசித்தபோது, வேறு யாரோ என்று பேசாமல் உட்கார்ந்திருந்தேன். அப்படிப்பட்டவனுக்கே, ஆப்புக்கும் ஒரு பதிவுப் பெயர் வரும் என்று அக்காவிடம் சொல்லத் தோன்றவில்லை, பாருங்கள்.

விழாவுக்கு அக்கா பட்டுச் சேலையில் வந்தார். கூடவே லயத்துப் பெண்கள் நாலு பேர். திரை விலகியது. 'ஸ்பைஸ் கனெக்ட் ப்ளஸ்'. ஒரே கைதட்டல்.

அந்தப் பெண்களில் ஒருத்தி கேட்டேவிட்டாள்: "ஒம் பேரு எங்கடி?"

அக்கா மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

முடிந்ததும் ஓடிப்போய்ச் சமாளித்தேன். அது கம்பெனி வைத்த பெயர், எங்கள் ஆபீசுக்குள் என்றைக்கும் ராஜம்தான் என்றேன். அக்கா சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

"நீங்க உள்ளுக்குள்ள கூப்புடுறத நான் எப்புடி தம்பி இவளுகளுக்குக் காட்டுறது?"

பஸ் வந்தது, போய்விட்டார்கள்.

ஒரு பெயர்தானே என்று நினைக்கிறோம். சூட்டுவதற்கு ஒரு சிரிப்பு போதும். கழற்றும்போதுதான், அதை யாரோ உடுத்திக்கொண்டிருந்தது தெரிகிறது.

நேற்று ஆப் மறுபடி படுத்துவிட்டது. அக்காவிடமிருந்து போன். ஏச்சை எதிர்பார்த்து எடுத்தேன். குரலைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாக எடுத்துவைத்தார்:

"சேர்... ஸ்பைஸ் கனெக்ட் ப்ளஸ் வேல செய்யலைங்க."

ஆப்பைச் சரிசெய்துவிட்டோம். நான்தான் இன்னும் 'தம்பி' ஆகாமல் 'சேர்' ஆகவே இருக்கிறேன்.