கோமாவில் கிடத்தப்பட்ட அண்ணாச்சி

பாவூர்சத்திரம் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தபோது, சுடலைமுத்து அண்ணாச்சி மாரடைப்பால் காலமான செய்தி கைபேசியில் வந்தது. என் கண்ணீரைக் கண்ட கடைக்கார அம்மாளிடம் விவரம் சொன்னேன்.

"நாடகத்துல கோமாவுல கெடந்தாவளே, அவுகளா? நல்லதா போச்சுக்கா. எத்தனை நாளுதான் அப்படியே கெடப்பாவ" என்றாள்.

அவரோடு உழைத்த தோழர்களே, உங்களுக்கு நம் நிறுவனத்தின் தொடக்கம் தெரியும். குற்றாலத்தில் சீசன் முடிந்து வெறிச்சோடிக் கிடக்கும் விடுதிகளை வாடகைக்குப் பிடித்து, அறைகளையே வீடுகளாக்கித் தொலைக்காட்சித் தொடர் எடுத்தார். குடும்பத் தலைவராகத் தாமே நடித்தார். எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டு, தமிழைத் தானே பயின்ற என்னை வசனம் எழுத அமர்த்தினார். என் முதல் காட்சியைப் படித்துவிட்டு, "ஏட்டி, மாமியாக்காரி 'நிற்பாயாக'ன்னு சொன்னா மருமவ நிக்க மாட்டா, சிரிச்சிருவா" என்றார். முகம் சிவந்தாலும் திருத்திக்கொண்டேன்.

தொடர் வளர்ந்து, இலத்தூரில் சொந்தப் படப்பிடிப்புத் தளம் எழுந்தது. பின்னர் சென்னைப் பெருநிறுவனம் ஒன்று நம்மைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. கதையில் தம் பாத்திரம் உயிரோடிருக்கும்வரை அண்ணாச்சி வேறெங்கும் நடிக்கவோ, படமெடுக்கவோ கூடாது, தொடர் முடியும்வரை நான் வேறெவருக்கும் எழுதக் கூடாது என்பது ஒப்பந்தம். அவர் முகம் அவர்களுக்கு வேண்டியிருந்தது; வாய் வேண்டியிருக்கவில்லை. கூட்டந்தோறும் எதிர்த்துப் பேசியவரைக் கதையில் ஒரு விபத்துக்கு உள்ளாக்கிக் கோமாவில் கிடத்தினார்கள். கட்டிலைச் சுற்றி அழுவோருக்கு வசனம் எழுதுவது என் பணியாயிற்று.

தாம் கட்டிய தளத்தில், தாம் வாங்கிய விளக்குகளின் கீழ், மூக்கில் குழாயோடு படுத்திருப்பார்.

"அண்ணாச்சி, தொண்டை அசையுது" என்பான் ஒளிப்பதிவாளன்.

"எச்சியாவது முழுங்க விடுலே."

ஒருநாள் கண்ணைத் திறக்காமலே என்னிடம் சொன்னார்: "என்னக் கொன்னுருட்டி. புண்ணியமாப் போவும். வெளிய போயி இன்னொரு தொடர் எடுக்கணும்."

மரணக் காட்சியை எழுதி அனுப்பினேன். அவர் எழுவாரென்று மக்கள் காத்திருக்கிறார்கள் எனத் திருப்பி அனுப்பினார்கள். அண்ணாச்சி சிரித்தார். "சாவுறதுக்கும் சென்னையில கையெழுத்து வாங்கணும் போல."

அவருக்கு எரியூட்டிய மறுநாளே நிறுவனத்திலிருந்து அழைத்தார்கள். அவர் படுத்திருக்கும் பழைய காட்சிகள் வேண்டிய மட்டும் கைவசம் உள்ளனவாம். இந்த வாரம் அவர் விரல் அசைவதாகவும், மருமகள் அதைக் கண்டு கதறுவதாகவும் எழுத வேண்டுமாம். மறுத்தால் ஒப்பந்தத்தை மீறியவளாவேன். வேறு எவருக்கும் எழுத இயலாது.

நேற்று அந்த மரணக் காட்சியையே மீண்டும் அனுப்பினேன். இன்று திரும்பி வந்தது. நாளையும் அனுப்புவேன். அண்ணாச்சியிடமிருந்து என்னிடம் எஞ்சியிருப்பது, அவர் கேட்டும் நான் இன்னும் கொடுக்க முடியாத அந்த ஒரு சாவு.