கண்ணாடியைக் கழற்றும் டாக்டர்

இன்று அப்பாவின் மூட்டு வலிக்காகப் புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தோம்.

அப்பா சினிமா நடிகர். முப்பது வருடமாக ஒரே வேடம்: ஆபரேஷன் தியேட்டரிலிருந்து வந்து, கண்ணாடியைக் கழற்றி, "ஸாரி" என்று தலையாட்டும் டாக்டர்.

அங்கே ஆபரேஷன் தியேட்டர் வாசலில் காத்திருந்த ஒரு அம்மா அவரைப் பார்த்ததும் பதறி எழுந்தார். "ஐயா, உள்ள என் வீட்டுக்காரர் இருக்காருங்க. தயவுசெஞ்சு அந்தக் கதவுப் பக்கம் நிக்காதீங்க!"

எனக்குச் சுருக்கென்றது.

அப்பா சட்டைப் பையிலிருந்த தன் கண்ணாடியை எடுத்து அந்த அம்மா கையில் கொடுத்தார். "நீங்களே வச்சுக்கங்கம்மா. இனிமே என்னால கழட்ட முடியாதுல்ல?"

அந்த அம்மா சிரித்துவிட்டார்.

சற்று நேரத்தில் நிஜ டாக்டர் வந்து, "நல்லா இருக்காரு" என்றார். அந்த அம்மா கும்பிட்டது அப்பாவைத்தான். "கைராசிக்காரருங்க நீங்க!"

டைரக்டர்களே, கேட்டுக்கொண்டீர்களா? அடுத்த படத்தில் ஒரு பேஷண்டையாவது அப்பா கையில் பிழைக்க விடுங்கள்.